கூண்டில் நிற்பவனின் சொல்



பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலன் சொல்லைக் கேட்கவில்லை. மேடைதோறும் நாம் பேசும் துயரம் இது. அந்தக் கேட்டல் இன்று சட்டமாகவே இருக்கிறது. அமர்வு நீதிமன்றத்தில் குற்றம் உறுதியான பின்னரும், தண்டனை பற்றிக் குற்றவாளி கூறுவதை நீதிபதி கேட்டாக வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 235(2) பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 258(2). விழுப்புரம் நீதிமன்றக் கூண்டிலும் ஒருவன், "வயதான தாய் இருக்கிறாள் ஐயா" என்று தழுதழுக்க இடம் தருவது அப்பிரிவுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எரிக் லூமிஸ் என்பவருக்குத் தண்டனை விதித்தபோது, 'கம்பாஸ்' என்னும் கணினி மென்பொருளின் மதிப்பீடும் நீதிபதியின் முன் இருந்தது. அம்மதிப்பீடு கணக்கிடப்பட்ட முறை நிறுவனத்தின் வணிக இரகசியம். 2016இல் அம்மாநில உச்சநீதிமன்றம் எச்சரிக்கைகளோடு அதை ஏற்றது. கண்ணகியால் அரசவையில் சிலம்பை உடைத்துக் காட்ட முடிந்தது. லூமிஸ் எதை உடைத்துக் காட்டுவார்?

கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த கொள்கை, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்ப்பை முடிவு செய்யலாகாது என்கிறது. நான் அந்தப் பக்கம். பழைய தீர்ப்புகளைத் தேடித் தரட்டும், மொழிபெயர்த்தும் தரட்டும்; சரிபார்க்க ஒரு மனிதர் அருகிருந்தால் அதில் எனக்கு மறுப்பில்லை.