எந்தக் காதாற் கேட்பது?



இந்த இலக்கியத் தொடரிலே நூல்களைப் பற்றியும் அவற்றை ஆக்கியோரைப் பற்றியும் பலர் உரையாற்றியிருக்கிறார்கள். நான் இன்று ஒரு சிறிய பெட்டியைப் பற்றியும், அதை வீட்டுக் கணனியோடு பொருத்துவதைப் பற்றியும் பேசப்போகிறேன். இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் பெரியப்பாவின் கதையைச் சொன்னால் அது விளங்கிவிடும்.

பெரியப்பா வடமராட்சியிலே காத்தவராயன் கூத்தாடியவர். இளமையில் ஆரியமாலையாகவும், பின்பு காத்தவராயனாகவும் ஆடினார். முதுமையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருந்து பிற்பாட்டுப் பாடினார். அந்தக் கூத்தின் பாட்டுகள் கொப்பிகளில் இருக்கின்றன, அச்சிலும் வந்துள்ளன. ஆனால், அச்சிலே வருவது சொல் மாத்திரந்தான். எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் சொல்லை இழுத்து நிறுத்திப் பின் தாளத்தை எட்டிப் பிடிக்கும் என்பதை எந்த அச்சுக்கூடத்தாலும் கோக்க முடியாது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. அந்த இழப்பை நாம் இன்றும் பேசுகிறோம். ஒரு குரல் அழிவதற்கு நெருப்பு வேண்டியதில்லை. வயது போனாற் போதும்.

2019 ஆம் ஆண்டு பெரியப்பாவுக்கு 83 வயது. அந்த வருடம் கனடாவிலிருந்து வந்த மருமகன் எனக்கு ஒரு ஒலிக்கலவைப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தான். ஆங்கிலத்தில் மிக்சர் என்பார்கள். பெரியப்பாவிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது, "மிக்சரெண்டால் கொறிக்கிறதெல்லோ, மோனை?" என்று சிரித்தார். உண்மையில் பெயர்ப் பொருத்தம் சரியானதுதான். கடலை, பருப்பு, ஓமப்பொடி எல்லாம் ஒன்றாகக் கலப்பதுபோல, பாட்டையும் ஆர்மோனியத்தையும் தாளத்தையும் அளவறிந்து கலக்கின்ற பெட்டி அது.

முன்பெல்லாம் இத்தகைய பெட்டியிலிருந்து வரும் ஒலியைக் கசற்றிலே பதிவு செய்வோம். இப்போது பெட்டியின் பின்புறத்தில் யூ.எஸ்.பி. என்னும் துவாரம் இருக்கிறது. கம்பியின் சதுரமான முனை பெட்டிக்குள் போகும். தட்டையான முனை கணனிக்குள் போகும். உள்ளே நடப்பது வியப்பானது. ஒலிவாங்கியில் இருந்து அலையாக வரும் மின்னோட்டத்தைப் பெட்டி ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கிக் கணனிக்கு அனுப்புகிறது. மனிதக் காது செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையுமே கேட்கும். அதை எண்களாகப் பிடிப்பதற்கு இரண்டு மடங்குக்கு மேல் அளக்கவேண்டும். 1982 இல் சந்தைக்கு வந்த இசைத்தட்டான சீ.டி.க்கும் இதே 44,100 தான் கணக்கு.

அந்த எண்களை வாங்கிப் பதிவு செய்வதற்குக் கணனியிலே ஒரு மென்பொருள் வேண்டும். நான் எடுத்தது ஓடாசிற்றி. அது 2000 ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைத்துவருகிறது. இனி என்ன, பெட்டி வந்தாயிற்று, மென்பொருளும் வந்தாயிற்று, பெரியப்பாவும் குளித்துத் திருநீறு பூசி வந்து கதிரையில் இருந்தார். வெக்கை தாளாமல் மேசையிலே ஃபானைப் போட்டோம். அக்கா பிற்பாட்டுக்கு இருந்தா.

காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டத்தைத்தான் பெரியப்பா முதலில் எடுத்தார். கூத்தின் உச்சம் அது. "இதை அடிக்கடி பாடேலாது மோனை. ஒருக்காப் பாடுறன், பிடிச்சுக்கொள்" என்றார். பிறகு அந்த வீட்டில் யாருமே மூச்சுவிடவில்லை. 83 வயதுக் குரல் எங்கே போய் அந்தச் சுருதியைத் தொட்டது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குப் பிற்பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. கணனியின் திரையில் கோடுகள் அசைந்துகொண்டிருந்தன. எல்லாம் பதிவாகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

பாடி முடித்துத் தேத்தண்ணி குடித்த பின் போட்டுக் கேட்டோம். முதலிலே கேட்டது ஃபானின் இரைச்சல். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுவதுபோல ஒரு குரல். பெரியப்பா குனிந்து கணனிக்குக் கிட்டக் காதை வைத்தார். "எங்கையடா மோனை என்ரை குரல்? உந்த ஃபானெல்லோ பாடுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன நடந்தது என்பதை அறிய எனக்கு இரண்டு நாள் சென்றது. குற்றம் கருவியிலே இல்லை, என்னிலேதான். மடிக்கணனிக்குள்ளே ஏற்கெனவே ஒரு சிறிய ஒலிவாங்கி இருக்கிறது. நான் மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு அதன் பின்னரே பெட்டியின் கம்பியைச் செருகினேன். பெட்டி வந்து சேர்ந்ததை மென்பொருள் அறியவில்லை. அது தனது பழைய காதாலேயே கேட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் வாய்க்கு நேரே பிடித்த நல்ல ஒலிவாங்கி பெட்டிவரைக்கும் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அதைக் கேட்க ஆளில்லை. மடிக்கணனியின் காதோ, பக்கத்தில் இருந்த ஃபானைக் கேட்டது. திரையிலே அசைந்த கோடுகள் அந்த ஃபானின் கோடுகள்.

நேயர்களே, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம்.

முதலில் கம்பியைச் செருகிப் பெட்டியை இயக்குங்கள். பின்பு மென்பொருளைத் திறவுங்கள். முறை மாறிவிட்டால், ஒலிக்கருவிகளை மீண்டும் தேடும்படி மென்பொருளுக்குக் கட்டளையிட ஓர் இடம் உண்டு. அல்லது அதை மூடித் திறந்தாலும் போதும். அடுத்து, ஒலிப்பதிவுக் கருவி எது என்று காட்டும் பட்டியலைப் பாருங்கள். பெட்டி பெரும்பாலும் தன் சொந்தப் பெயரில் அங்கே தோன்றாது; யூ.எஸ்.பி. ஓடியோ என்பதுபோல ஏதாவது பொதுப் பெயரிலே நிற்கும். அதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு ஒலிப்பதிவைத் தொடங்கி, ஒலிவாங்கியின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மடிக்கணனியின் ஓரத்தையும் அப்படியே சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது திரையின் கோடு துள்ளுகிறதோ, அதுதான் உங்கள் கணனி கேட்கும் காது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடமும் செல்லாது. அந்த அரை நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

அடுத்தது அளவு. கூத்துக்காரரின் குரல் வானொலிக்காரரின் குரல் போன்றதல்ல. மைதானத்தின் கடைசிப் பாயில் இருப்பவருக்கும் கேட்கப் பாடிப் பழகிய குரல். மெல்லப் பேசும்போது அளவைச் சரிசெய்து வைத்தால், பாட்டு ஏறும்போது அது எல்லையைக் கடந்து கிழிந்துவிடும். எண்ணாக மாற்றும் கருவிக்குப் பூச்சியம் என்ற உச்சவரம்பு உண்டு. அதற்கு மேலே வந்ததெல்லாம் வெட்டுண்டு போகும். பின்னர் எந்த வித்தையாலும் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே அவரை மிக உரத்துப் பாடச் சொல்லி, அப்போதும் பூச்சியத்துக்கு 6 முதல் 12 டெசிபல் கீழே நிற்கும்படி பெட்டியின் குமிழைத் திருகி வையுங்கள். குறைவாகப் பதிந்த குரலைப் பின்னர் கூட்டலாம். கிழிந்த குரலைத் தைக்க முடியாது.

இன்னொன்று. சின்னப் பெட்டிகளில் எத்தனை ஒலிவாங்கிகளைச் செருகினாலும், யூ.எஸ்.பி. கம்பி வழியே போவது பெரும்பாலும் இடம், வலம் என்ற இரண்டு வழிகள்தான். கலந்தது கலந்ததே. பாடுபவரை முழுவதும் இடப்பக்கமும், பிற்பாட்டையும் தாளத்தையும் வலப்பக்கமும் திருப்பிவிட்டு இரண்டு வழியாகப் பதிவு செய்தால், பின்னர் அவற்றைப் பிரித்து எடுக்கலாம். கணனியில் ஒலிப்பதைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பும் பொத்தான் ஒன்றும் சில பெட்டிகளில் உண்டு. பதிவு நடக்கும்போது அது அமர்ந்திருந்தால், போன ஒலியே திரும்பி வந்து மறுபடி பதிவாகும். ஒரு குரலுக்குப் பின்னால் அதன் பேய் பாடும். பேயோட்ட வேண்டியதில்லை, பொத்தானை எடுத்துவிட்டாற் போதும். மின்னின் உறுமல் கேட்டால் மடிக்கணனியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அது அடங்கிவிடும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு மீண்டும் பெரியப்பாவிடம் போனபோது இரண்டு மாதம் கடந்துவிட்டது. இடையிலே அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து நெஞ்சு தளர்ந்திருந்தது. ஃபானை நிறுத்தினோம். ஒலிவாங்கியைச் சுரண்டிப் பார்த்தேன், கோடு துள்ளியது. அவர் மூன்று மணித்தியாலம் விட்டுவிட்டுப் பாடினார். வரவுப் பாட்டுகள், தர்க்கப் பாட்டுகள், ஆரியமாலையின் புலம்பல், இடையிடையே அந்தக்கால அண்ணாவிமாரின் கதைகள். எல்லாம் கண்ணாடிபோலத் துலக்கமாகப் பதிவாகின. சுருக்காத கோப்பாக வைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் வேண்டும். இடத்தைப் பார்க்காமல் அப்படியே வைத்தேன். மூன்று பிரதிகள் எடுத்து மூன்று வீடுகளில் வைத்தேன்.

கடைசியிலே கழுமரக் கட்டத்தைக் கேட்டேன். அவர் தொடங்கினார். இரண்டாவது அடியில் குரல் ஏறவில்லை. சுருதியை இறக்கி மறுபடி தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்குப் பாடினது அண்டையோடை போட்டுது மோனை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கூத்தாடியவருக்கு அது புதினமும் அல்ல. விடியப்புறம் வரை ஆடிவிட்டு, விடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறவர்கள் அவர்கள். ஆனால் எனக்கு அந்த வார்த்தை இன்னமும் தொண்டையில் நிற்கிறது.

2021 ஆம் ஆண்டு பெரியப்பா காலமானார். அந்தியேட்டி முடிந்த அன்று இரவு அக்கா ஒன்றைக் கேட்டா. "அந்த ஃபான் பதிவை அழிச்சுப்போட்டியோ?" அழிக்கவில்லை. வெட்கத்தினாலே ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். போட்டோம். மென்பொருளைக் கொண்டு இரைச்சலை ஓரளவு குறைக்கலாம், குறைத்துப் பார்த்தேன். இரைச்சலோடு குரலின் உயிரும் குறைந்தது. ஆகவே இருந்தபடியே கேட்டோம். ஃபான் இரைகிறது. அதன் பின்னால், தூரத்திலே, ஒரு மனிதன் முழுத் தொண்டையும் திறந்து கழுமரம் ஏறுகிறான். நடுவில் ஒரு விம்மல் கேட்கிறது. அது அக்கா. துலக்கமான மூன்று மணித்தியாலப் பதிவைக் கேட்கும்போது வராத ஒன்று அந்த நாலு நிமிடத்திலே வருகிறது. நல்ல பதிவையும் கெட்ட பதிவையும் இப்போது ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

நேயர்களே, 2005 முதல் இயங்கிவரும் நூலகம் போன்ற முயற்சிகள் எமது ஏடுகளையும் இதழ்களையும் எண்ணிம முறையிலே காத்து வருகின்றன, குரல்களையும் சேர்க்கின்றன. ஆனால் ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் அவர்கள் வரமுடியாது. திண்ணையில் இருப்பவர்கள் நாங்கள். உங்கள் வீட்டு அம்மம்மாவின் தாலாட்டோ, ஊர் அண்ணாவியாரின் ஒரு விருத்தமோ, அது எதுவாகவும் இருக்கட்டும். பெட்டி இல்லையென்றாற் கைத்தொலைபேசியிலாவது பிடியுங்கள். ஆனால் அவர்கள் வாய் திறக்குமுன், உங்கள் கருவி எந்தக் காதாற் கேட்கிறது என்பதை ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். இரண்டு நிமிடம் பதிந்து, போட்டுக் கேளுங்கள். அதன் பின்பு பாடச் சொல்லுங்கள்.

"ஒருக்காப் பாடுறன், பிடிச்சுக்கொள்" என்று அவர்கள் சொன்னால், அந்த ஒருக்காவை நம்புங்கள்.