நடை திறத்தலும் நடை சாத்துதலும்

(திருக்குடமுழுக்கு விழாவின் மூன்றாம் நாள் மாலை நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



யாகசாலையில் இன்றைய மாலைப் பூசை நிறைவெய்தி, திருமுறை விண்ணப்பமும் முடிந்த இந்த நல்ல வேளையில் அடியேனைப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். ‘உழைப்பும் ஓய்வும்’ என்னும் தலைப்பைக் கொடுத்தவர் திருப்பணிக் குழுவின் செயலாளர். குடமுழுக்கு விழாவிலே கோபுரத்தின் பெருமையைப் பேசச் சொல்வார்கள். தலபுராணத்தைப் பேசச் சொல்வார்கள். இஃது என்ன தலைப்பு என்று முதலில் எண்ணினேன். நேற்று மாலை இங்கு வந்து இறங்கியபோது அவருடைய முகத்தைக் கண்டேன். கண்கள் சிவந்து, குரல் கம்மி, ஒரு கையில் கைப்பேசியும் மற்றொரு கையில் சாவிக்கொத்துமாக நின்றார். “சாப்பிட்டீர்களா?” என்று வினவினேன். “எந்த வேளைச் சாப்பாட்டைக் கேட்கிறீர்கள் ஐயா?” என்று திருப்பிக் கேட்டார். தலைப்பின் பொருள் அப்போதே விளங்கிற்று.

குறைந்த காலத்தில் நிறைந்த வேலை செய்வது எங்ஙனம் என்று கற்பிக்கும் நூல்கள் இந்நாளில் மிகப் பல. இளைஞர்கள் அவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். அடியேன் அவற்றை இகழ வரவில்லை. அவர்கள் தேடுகின்ற விடை, நாம் நாடோறும் கண்டும் காணாமல் போகின்ற ஓரிடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன். அவ்விடம் இத்திருக்கோயிலின் கதவு.

ஆறுகாலப் பூசை நடைபெறும் கோயில்களில் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தசாமம் என்று நாள் வகுக்கப்பட்டிருக்கிறது. உச்சிக்கால வழிபாடு முடிந்ததும் நடை சாத்துகிறோம். மாலையில்தான் மீண்டும் திறக்கிறோம். அர்த்தசாமம் முடிந்தால் பெருமானைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பாலும் பழமும் நிவேதித்து, ஊஞ்சல் ஆட்டிக் கதவைத் தாழிடுகிறோம். வெளியூரிலிருந்து பகல் ஒரு மணிக்கு வந்து சேர்ந்த அன்பர், எத்துணைப் பெருஞ்செல்வராயினும், வாயிலில் அமர்ந்து காத்திருக்க வேண்டுவதுதான். சிலர் சினம் கொள்வதும் உண்டு. அவர்களுக்காக முறை மாறுவதில்லை, மாறவும் கூடாது.

ஐந்தொழில் இயற்றும் பெருமானுக்கு இளைப்பு ஏது? உறக்கம் ஏது? அவனுக்கு வேண்டுவதில்லை என்பது சிறு குழந்தையும் அறியும். அங்ஙனமாயின் பள்ளியறை எதற்கு? நமக்காக. நாள் என்பது திறப்பும் சாத்துதலும் உடையது என்பதை நாம் கண்ணாற்கண்டு பழகுவதற்காக. இக்கருத்து அடியேன் புதிதாகப் புனைந்ததன்று. சித்தாந்த சாத்திரங்களைப் பாடங்கேட்டவர்கள் ஒன்றை நினைவு கூர்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தினுள் அழித்தல் என்ற சொல்லைக் கேட்டுப் பிறர் அஞ்சுவர். சிவஞான சித்தியாரோ அத்தொழிலை உயிர்களின் இளைப்பை ஒழிப்பதாக உரைக்கிறது. பிறந்தும் இறந்தும் வினையை நுகர்ந்தும் களைத்துப்போன உயிரைச் சிறிது போது ஒடுக்கி வைத்து, மீண்டும் உழைப்பதற்கு உரம் உண்டாக்குதல்! ஓய்வு கொடுத்தல் என்பது இறைவன் செய்யும் ஐந்து தொழில்களுள் ஒன்று. அதனைச் சோம்பர் செய்யும் குற்றம் என்று கருதுவோர், பெருமானுடைய தொழிலிலே குறை காண்கின்றனர்.

இன்னும் ஒன்று. இக்கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்தீர்களே, அதனை நினைத்துப் பாருங்கள். மூலத்தானத்து இறைவனைக் குடத்து நீரிலும் அத்திப்பலகையில் வரைந்த திருவுருவத்திலும் எழுந்தருளுவித்து, தனியோர் இடத்தில் வைத்துப் பூசித்தோம். கருவறையைச் சிற்பியின் கையிலே ஒப்படைத்தோம். பன்னிரண்டு ஆண்டு எண்ணெய்ப் புகையும் நீர்க்கசிவும் பட்ட இடம் பழுது பார்க்கப்பட்டது. பீடத்தினின்றும் கழன்றுபோன பழைய மருந்து அகற்றப்பட்டது. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டினையும் சேர்த்து இடித்த இடியோசையை இவ்வூரார் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கருங்கல்லால் ஆகிய கோயிலுக்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்தல் வேண்டியிருக்கிறது. தோலும் எலும்பும் ஆகிய இவ்வுடம்புக்கு வேண்டாவோ? உடம்பை இழிந்தது என்று முன்னர் எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்ட பின்னர் அதனைப் பேணத் தலைப்பட்டதாகவும் திருமூல நாயனார் தம் அனுபவத்தைக் கூறியிருக்கிறார். கூறியவர் யோகத்தில் இருந்த முனிவர். உண்டியில் ஆசை கொண்ட ஒருவர் அல்லர்.

பெரிய உழைப்பாளிகள் எங்ஙனம் வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை (1815-1876) விடத் தமிழில் மிகுதியாகச் செய்யுள் இயற்றியவரைக் காண்பது அரிது. அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். எழுதுகின்ற கை ஓயுமேயன்றிச் சொல்லுகின்ற நா ஓயாது. அத்தகையவர் மாயூரத்தில் வாழ்ந்த காலத்தில் விடியற்காலையில் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுத் தோட்டத்திற்குச் சென்று, தாம் வைத்த மரங்களில் புதிய தளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்தார். 1871 ஆம் ஆண்டில் அவரிடம் பாடங்கேட்கச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், ஆசிரியருடைய இந்த இயல்பை அறிந்து, அவர் வருமுன்பே தோட்டத்தில் தளிர்களைத் தேடி வைத்திருந்து காட்டுவாராம். அந்த மகிழ்ச்சியிலேதான் பாடம் தொடங்கும். தம் வரலாற்றில் ஐயரவர்களே எழுதி வைத்திருக்கும் செய்தி இது. பல தலபுராணங்கள் அரைகுறையாக நின்றன, மாணாக்கர் காத்திருந்தனர், கடன் தொல்லையும் இருந்தது. ஆயினும் ஒரு தளிரைப் பார்ப்பதற்கு அவருக்குப் போது இருந்தது. அதனால் அவர் பாடிய செய்யுள் குறைந்துவிடவில்லை.

அடியேனுக்கு அந்த அறிவு இருக்கவில்லை. இதனை இச்சபையில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் பிறர்க்கு ஓய்வைப் பற்றி உபதேசம் செய்தல் முறையன்று.

1986 ஆம் ஆண்டு. ஒரு தலபுராணத்திற்குக் குறிப்புரை எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தேன். அத்தலத்தின் குடமுழுக்கு நாளில் நூல் வெளிவர வேண்டும் என்று ஏற்பாடு. பகலில் கல்லூரி வேலை. இரவில் அச்சுத்தாள் திருத்தம். ஒரு பாரம் திருத்தி அனுப்பினால் மறுநாள் மாலையே அடுத்த பாரம் வந்து நிற்கும். இரவு இரண்டு மணி, மூன்று மணி வரையில் விழித்திருந்தேன். அதனைத் தவம் என்றே எண்ணிக்கொண்டேன். அந்நாளில் என் மனையாளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் இரவு அவள் எழுந்து வந்து, தன்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இயலுமா என்று கேட்டாள். “இந்தப் பாரம் முடியட்டும்” என்றேன். அவள் மறுமொழி சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். விடிந்தபின் அடுத்த வீட்டு அம்மையார்தாம் அவளை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அடியேன் அந்தப் பாரத்தைத் திருத்தி முடித்த பிறகே சென்றேன். குடற்காய்ச்சல் என்றார்கள். மூன்று வாரம் அங்கே கிடந்து, இறைவன் அருளால் பிழைத்து வீடு வந்தாள்.

நூலும் உரிய நாளில் வெளிவந்தது. இறுதியில் இரண்டு பக்கம் பிழைதிருத்தம் சேர்க்க வேண்டியதாயிற்று. அச்சுத்தாளின் ஓரத்தில் திருத்திய நாளையும் நேரத்தையும் குறிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. பின்னொரு நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழைகளுட் பெரும்பாலானவை நள்ளிரவுக்குப் பின் திருத்திய பாரங்களிலேயே இருந்தன. அவள் கேட்ட இரவில் எந்தப் பாரம் என் கையில் இருந்ததோ, அதிலே ‘இறைவன் அருளை வழங்குவான்’ என்று யான் எழுதிய குறிப்புரை, ‘இறைவன் இருளை வழங்குவான்’ என்று அச்சாகியிருந்தது. அச்சுக்கோத்தவரை நொந்து பயன் என்ன? அத்தாளைப் பார்த்துக் கையெழுத்திட்டவன் யான்.

அவள் அதன்பின் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தாள். அந்த இரவைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இரவு பத்து மணி ஆனதும் ஒன்றும் சொல்லாமல் வந்து என் மேசை விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான். பிற்காலத்தில் அடியேன் பதிப்பித்த நூல்களில் பிழை குறைவு என்று அறிஞர்கள் பாராட்டியதுண்டு. அப்பாராட்டு யாருக்கு உரியது என்பது எனக்குத் தெரியும். இப்போது விளக்கை அணைக்க யானே எழுந்து செல்கிறேன்.

திருமடத்தில் பயின்ற காலத்திலேயே எம் ஆசிரியர் இதனை எச்சரித்திருந்தார். ஓர் இரவு மணி அடித்த பிறகும் யான் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, மேய்ந்த மாடு படுத்து அசைபோட வேண்டும், நின்றுகொண்டே மேய்ந்தால் பால் சுரவாது என்று சொல்லிப் போனார். இளமைச் செருக்கில் அது செவியில் ஏறவில்லை. ஆனாய நாயனார் புராணத்தைப் பாடஞ்சொல்லத் தொடங்கிய பின்னரே அச்சொல் உள்ளே சென்றது. மங்கலவூரில் ஆயர் தலைவராகிய அவர் ஆனிரைகளை மேய்ப்பதில் சிறிதும் வழுவாதவர். நல்ல புல்லும் நீரும் உள்ள இடம் பார்த்துச் சேர்ப்பவர். அவரே ஒரு கார்காலத்தில் பூத்து நின்ற கொன்றை மரத்தைக் கண்டு, கொன்றைமாலை அணிந்த பெருமானை நினைந்து, நின்று, குழலெடுத்து ஐந்தெழுத்தை இசைத்தார். பசுக்கள் மேய்தலை மறந்து நின்றன. கன்றுகள் பால் குடித்தலை விட்டு நின்றன. பெருமான் எழுந்தருளி ஆட்கொண்டது அவர் கோலை ஓங்கி ஓடிக்கொண்டிருந்தபோதன்று. குழல் ஊதிக்கொண்டு நின்றபோது.

‘தொண்டு செய்பவன் உடம்பைப் பார்க்கலாமா? அது தன்னலம் ஆகாதா?’ என்று சிலர் கேட்பார்கள். தொண்டுக்கு அப்பரடிகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு இல்லை. உழவாரப் படையைக் கையில் தாங்கி, முதுமையிலும் கோயில் முற்றங்களைச் செதுக்கித் தூய்மை செய்தவர். அவர் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்தபோது பெருமான் என்ன செய்தான்? அடியவர் உறுதியைச் சோதிப்போம் என்று இருந்தானா? வழியிலே ஒரு சோலையும் குளமும் அமைத்து, அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்தான். உண்டு, நீர் பருகி, இளைப்பாறிப் போகச் சொன்னான். அப்பரடிகளும் மறுக்கவில்லை, வாங்கி உண்டார். ஞானசம்பந்தப் பிள்ளையாருக்குத் திருவடி நோகும் என்று முத்துச்சிவிகை அருளியவனும் அவனே. அடியவர் பட்டினி கிடந்து நடப்பதை இறைவன் விரும்பியிருந்தால் பொதிசோற்றுக்கும் சிவிகைக்கும் புராணத்தில் இடம் ஏது?

பகலெல்லாம் உறங்குவோர் யான் பேசியதைத் தமக்குச் சாதகமாகக் கொள்ளலாகாது. உச்சிக்குச் சாத்திய நடை மாலையில் குறித்த நேரத்தில் திறக்கிறது. ஒரு நாளும் தவறுவதில்லை.

கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. கலசத்திற்குப் பொன் பூசக் கொடுத்தீர்கள், கருங்கல் தளம் இடக் கொடுத்தீர்கள், மிக நன்று. இக்கோயிலில் உஷத்காலம் முதல் அர்த்தசாமம் வரை நிற்பவர் ஒரே குருக்கள். திருமுறை ஓதுவார் ஒருவர். இரவில் காவல் இருப்பவரும் ஒருவர். குருக்களுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்றுவதற்கு ஆள் இல்லை; மகள் திருமணத்திற்குக்கூட அவர் அவசரமாகப் போய்த் திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். பெருமானுக்குப் பள்ளியறை கட்டிய நாம் பெருமானைத் தொட்டுப் பூசிப்பவருக்கு ஒரு நாள் ஓய்வு கட்டவில்லை. இரண்டாவது குருக்கள் ஒருவருக்கும், காவலருக்கு மாற்று ஆள் ஒருவருக்கும் ஓர் அறக்கட்டளை அமைத்தால், அதுவும் திருப்பணியே. அடியேனுடைய பங்காக இன்று எனக்கு அளிக்கப்பெற்ற சன்மானத்தை அதற்கு முதலாக வைத்துச் செல்கிறேன். தொகை சிறிது, தொடக்கம் என்று கொள்க.

நாளை மறுநாள் குடமுழுக்கு. அதற்குப்பின் நாற்பத்தெட்டு நாள் மண்டலபூசை இருக்கிறது. வேலை ஒருநாளில் முடிவதன்று. இன்று அர்த்தசாமம் முடிய இன்னும் சிறிது நேரமே உள்ளது. நடை சாத்தியதும் செயலாளர் அவர்கள் சாவிக்கொத்தை இளைஞர் ஒருவரிடம் ஒப்புவித்து, கைப்பேசியையும் அவரிடமே கொடுத்துவிட்டு, வீட்டிற்குச் சென்று உணவு கொண்டு உறங்க வேண்டும் என்று இச்சபையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய துணைவியார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

திருச்சிற்றம்பலம்