புலிக்கொடி சொல்லும் பாடம்
(பம்மலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில் என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். ஆயின், கொடி எதற்கு என்று வினவினால், போருக்கு என்னும் விடையோடு நம்மிற் பலர் நின்றுவிடுகின்றோம். அது பாதி விடையே.

பட்டினப்பாலையைத் திறந்து பாருங்கள். புகார்த் துறையிற் குவிந்த பண்டங்களுக்கு உல்கு தண்டி, அவற்றின்மேற் புலிப்பொறி ஒற்றிப் போக்கினர் சோழனின் அலுவலர். எனவே, புலி வாளுக்கு மட்டும் உரியதன்று. நேர்மையான வாணிகத்திற்கும் அது சான்றாயிருந்தது. அந் நகரில் நாவாய்களின் கூம்பிற் கொடி ஆடிற்று. கள் விற்கும் மனையிற் கொடி ஆடிற்று. கற்றுத் துறைபோகிய ஆசிரியர் சொற்போருக்கு அறைகூவி உயர்த்திய கொடியும் ஆடிற்று. இன்னார் இங்குளர், இன்னது இங்குண்டு என்று ஊருக்கு அறிவிப்பதே கொடியின் பணி.

இனி, பிற்காலச் சோழரைப் பார்ப்போம். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் வெளிப்பட்டன. 31 ஏடுகள், அவற்றைக் கோத்த வளையத்தின் பொறியில் அமர்ந்த புலி, இரு கயல், வில். மூவேந்தர் பொறியும் ஓரிடத்தில்! நெஞ்சு நிமிர்கின்றது. ஆனால், அது உடன்பாட்டால் அமைந்த சேர்க்கையன்று; ஒரு தமிழ்வேந்தன் மற்றிரு தமிழ்வேந்தரை அடக்கியதன் அடையாளம்.

அப் பொறியைச் சுற்றியுள்ள மொழி எது? வடமொழி! எழுத்தோ கிரந்தம்! உள்ளேயும் அரசனின் குலவழியை வடமொழி பாடுகின்றது; கொடையாகிய பழையனூரின் எல்லையைத் தமிழ் அளக்கின்றது. அதற்கு முந்நூறு நான்னூறு ஆண்டுகட்கு முன்பே, நம் அண்டையிலுள்ள பல்லாவரத்துக் குடைவரையில் மகேந்திரவருமன் தன் விருதுப்பெயர்களைக் கிரந்தத்தில் வெட்டுவித்தான். கடல்கடந்து வென்ற சோழனும் அவ் வழக்கினின்று விடுபடவில்லை. பொறி நம்முடையது, அதைச் சுற்றிய சொல் நம்முடையதன்று. இதுவே நாம் எண்ணி வருந்தவேண்டிய செய்தி.

தோழர்களே! இன்று நமக்கு வேந்தர் இல்லை. உல்குத்துறைப் புலியும் இல்லை. ஆயின், ஒவ்வொரு கடை வாயிலிலும் ஒரு கொடி உண்டு. பெயர்ப்பலகையே அக் கொடி! பலகையில் தமிழே முதலிடம் பெறவேண்டும் என்று தமிழ்நாட்டரசின் ஆணையும் உண்டு. அவ்வாறிருந்தும் நம் கடைத்தெருக்களில் ஆங்கிலம் மேலே அமர, தமிழ் கீழே ஒடுங்கிக் கிடக்கக் காண்கின்றோம். சிலவற்றில் ஆங்கிலச் சொல்லே தமிழெழுத்துடுத்தி நிற்கின்றது.

புலிக்கொடியின் பழம்பெருமையை மேடையிற் பேசிக் கலைவதாற் பயனில்லை. கடையுடையோர் தம் பலகையை நல்ல தமிழில் எழுதுக. கடையில்லாதோர், தாம் நாளும் பொருள் வாங்கும் கடைக்காரரிடம் பணிவோடு எடுத்துரைக்க. பொறியும் சொல்லும் நம்முடையனவாகட்டும்.