ஆரோ ரயிலடியில் ஒரு பிற்பகல்

ஸ்பெயின் என்றதும் பார்சலோனாவின் தேவாலயக் கோபுரங்களும், பாம்ப்லோனாவில் காளைகளுக்கு முன்னால் ஓடும் இளைஞர்களும், பில்பாவோவின் பளபளக்கும் அருங்காட்சியகமும் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அவற்றைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் உங்களை அழைத்துப்போக ஆசைப்படுவது பில்பாவோவுக்குத் தெற்கே, மலையைத் தாண்டி, எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆரோ என்ற சின்ன ஊருக்கு. ரியோஹா ஒயின் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தச் சீமைதான். ஒயினைத் தொடாத நேயர்களும் தாராளமாகக் கூட வரலாம்.

பில்பாவோவில் ரயில் ஏறும்போது பெரும்பாலும் தூறல் இருக்கும். எங்கே பார்த்தாலும் பச்சை. மலைகளைக் கடந்ததும் வானம் வெளுத்து, மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழையையும் குளிர்காற்றையும் கந்தாப்ரியா மலைத்தொடர் மறித்துக்கொள்வதால், அதன் இந்தப் பக்கம் திராட்சைக்கு நல்ல வெயில் கிடைக்கிறது. பழைய தோட்டங்களில் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. அடிமரம் பருத்து முறுக்கிக்கொண்டு, இடுப்பளவுக்கும் கீழே நின்றுவிடும் செடிகள். மேற்கே கலீசியாவில் இதற்கு நேர்மாறு. அங்கே மழை ஓயாது. ஈரம் தங்காமல் காற்றோடட்டும் என்று கருங்கல் தூண் நட்டுப் பந்தல் போட்டு, அல்பரீஞோ என்ற வெள்ளைத் திராட்சையை மேலே படரவிடுவார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் அங்கே போனால் வீட்டுக்கு வந்ததுபோல உணர்வார்கள். சரி, ஆரோவுக்கு வருவோம்.

ரயிலடியில் இறங்கி, திரோன் என்ற சிற்றாற்றைக் கடந்து, மேட்டில் இருக்கும் பழைய ஊருக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் அந்த ரயிலடியை விட்டு யாராலும் அவ்வளவு சீக்கிரம் நகர முடியாது. தண்டவாளத்தை ஒட்டி, நூறாண்டு கடந்த ஒயின் சாலைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. லோப்பஸ் தே எரேதியா 1877இல் தொடங்கியது. குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. ஊருக்குள் இடம் இருக்க, ஏன் எல்லோரும் ரயிலடியில் வந்து குவிந்தார்கள்?

அதற்கு ஒரு பூச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். பில்லோக்செரா என்று பெயர். நம் விவசாயிகளுக்குத் தெரிந்த அசுவினிக்கு உறவு. அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைச் செடிகளோடு கப்பலேறி, 1860களில் பிரான்ஸுக்குள் புகுந்தது. வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அந்தப் புண் வழியாக வேர் அழுகும். மேலே இலை வாடுவது கண்ணில் படும்போது கீழே வேர் போயிருக்கும். தோண்டிப் பார்த்தால் பூச்சியையே காணோம், அது அடுத்த செடிக்கு நகர்ந்திருக்கும்! மண்ணுக்குள் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள், தோட்டத்தில் தண்ணீரைத் தேக்கிப் பார்த்தார்கள். தலைமுறைகளாக வளர்த்த கொடிகள் கண்ணெதிரே சாவதைப் பார்த்த அந்தக் குடியானவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பிரான்ஸின் ஒயின் ஊரான போர்தோவின் வியாபாரிகளிடம் விற்கச் சரக்கு இல்லை. தெற்கே திரும்பிப் பார்த்தார்கள். எப்ரோ கரையில் பூச்சி படாத தோட்டங்கள். பக்கத்திலேயே பில்பாவோ துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை, 1863இல் திறந்தது. 1882இல் பிரான்ஸும் ஸ்பெயினும் வணிக ஒப்பந்தம் செய்துகொள்ள, சுங்கவரியும் குறைந்தது. பீப்பாய்களை மேட்டில் ஏற்றி இறக்காமல், ரயிலடியிலேயே ஒயின் சாலைகளைக் கட்டிவிட்டார்கள். ஊரில் பணம் புரண்டது. ஸ்பெயினில் தெருவுக்கு மின்விளக்கு போட்ட முதல் ஊர்களில் ஆரோவும் ஒன்று, ஆண்டு 1890.

பூச்சி 1899இல் ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தார்கள். பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியத் திராட்சையை ஒட்டுக்கட்டுவதுதான் அந்த வழி. பூச்சி வந்த நாட்டிலிருந்தே மாற்றும் வந்தது. இன்று இங்கே பார்க்கும் தெம்ப்ரானியோ, கர்னாச்சா, கிராசியானோ கொடிகளில் அநேகமாக எல்லாம் அப்படி ஒட்டுக்கட்டியவைதான்.

ஆரோவில் எனக்கு மிகவும் பிடித்தது லோப்பஸ் தே எரேதியாவின் நிலவறை. 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போகின்றன. அங்கே ஒட்டடை அடிப்பதில்லை. பாட்டில் தக்கையை அரிக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடித்துவிடும் என்பதால் அதை வாழவிடுகிறார்கள். பீப்பாயை அவர்களே செய்கிறார்கள். சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு. வியூரா திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினைக்கூட ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் வைத்திருக்கிறார்கள். வெள்ளை என்றால் இளசாகக் குடிப்பது என்று உலகமே நம்பும்போது இவர்கள் அசையவில்லை. அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ரியோஹாவில் சிவப்பு ஒயின் கிரான் ரிசர்வா என்று முத்திரை வாங்க ஐந்து ஆண்டு வேண்டும். அதில் குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில், இரண்டு ஆண்டு பாட்டிலில்.

ஆனால் காத்திருப்பது மட்டும்தான் இந்தச் சீமையின் வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கே, லகுவார்தியா பக்கத்துக் குடியானவர்கள் திராட்சையைக் காம்போடு கொத்துக் கொத்தாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் நசுங்கிய பழம் நுரைக்கத் தொடங்க, அதிலிருந்து எழும் வாயு தொட்டியை நிரப்ப, மேலே நசுங்காத பழத்துக்குள்ளேயே நொதிப்பு நடக்கிறது. பிறகு மிதித்துப் பிழிவார்கள். பழவாசனை தூக்கலாக இருக்கும். அந்த வருஷத்திலேயே குடித்துத் தீர்த்துவிடுவார்கள். போர்தோக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் முறை இது.

சாப்பாட்டை மறக்கவில்லை, நேயர்களே. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டி விலாவை வாட்டித் தருவார்கள். ஆனால் நான் கேட்டு வாங்கியது உருளைக்கிழங்குக் குழம்பு. குனே தன் நூற்றாண்டு விழாவுக்குப் பிரான்ஸின் புகழ்பெற்ற சமையல் கலைஞர் பால் பொகூஸை அழைத்ததாம். சமையலறையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று கிண்டிவைத்திருந்த இந்தக் குழம்பை ருசித்த அவர், இதை வைத்துக்கொண்டு என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்ற பொருளில் கேட்டுவிட்டாராம். ஆரோவில் அந்தக் கதையை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். செய்முறை எளிது. சொரீசோ என்ற மிளகாய்ப்பொடி சேர்த்த பன்றி இறைச்சிக் குழல், வெங்காயம், பூண்டு, உலர்ந்த சிவப்பு மிளகாயின் சதை. கிழங்கை மட்டும் கத்தியால் முழுக்க வெட்டக் கூடாது. பாதி வெட்டி, மீதியை உடைத்துப் போட வேண்டும். அப்போதுதான் மாவு கரைந்து குழம்பு கெட்டிப்படும்.