விளக்கும் கணக்கும்

(மயிலாடுதுறையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று எதிர்நோக்கி வந்திருப்பீர்கள். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ இல்லத்து மின்சாரக் கட்டணம். தலைப்பைக் கேட்ட நம் செயலாளர் அவர்கள் சிறிது நகைத்தார்கள். தங்கள் இல்லத்துக் கட்டணம் எவ்வளவு என்று யாம் வினவிய பின்னர் அந்நகைப்பு நின்றுவிட்டது.

விளக்கெரிப்பதற்குக் கணக்கு வைத்தல் நம் சோழநாட்டிற்குப் புதியதன்று. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளைக் காண்மின்! ஒரு நந்தா விளக்கு நாள்தோறும் அவியாது எரிதற்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதன்பொருட்டு 96 ஆடுகளேனும், 48 பசுக்களேனும், 16 எருமைகளேனும் ஒப்புவித்தல் வேண்டும் என்று வரையறுத்துக் கல்லில் வெட்டிவைத்தனர். ஒரு சுடருக்குப் பின்னே இத்தனை உயிர்களின் உழைப்பு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தனர். நாமோ சுவரிலுள்ள பொத்தானை அழுத்துகின்றோம், ஒளி வருகின்றது, அஃது எங்கிருந்து வந்தது என்று எண்ணுவாரில்லை.

எங்கிருந்து வருகின்றது? துலாக் கட்டத்தில் நாம் முழுகும் காவிரி, இங்கு வந்து சேர்வதற்குள் பல இடங்களில் மின்சாரம் ஈன்றுவிட்டே வருகின்றாள். கன்னட நாட்டுச் சிவசமுத்திரத்தில் 1902 ஆம் ஆண்டிலேயே அவளது வீழ்ச்சியினின்றும் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கங்கட்கு அனுப்பினர். 1934 ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவெய்தியபின் அங்கும் மின் உற்பத்தி தொடங்கிற்று. நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரியை எரிக்கின்றனர். நமக்கு மிக அணித்தாகிய குத்தாலம் வட்டத்து மருதூரிலும், இயற்கை எரிவாயுவினால் 101 மெகாவாட் ஆற்றல் தரத்தக்க நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது. இதனை நம் அன்பர்களுள் பலர் அறியார். ஆறும் நிலமும் தந்த பொருளையே நாம் வீட்டில் வீணே எரிக்கின்றோம் என்க.

இனி எம் இல்லத்துக் கதைக்கு வருவோம். 2023 ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், மின் அளவு குறிக்க வந்த ஊழியர் இரண்டு மாதங்கட்கு 512 யூனிட் என்று அட்டையில் எழுதிச் சென்றார். கட்டணம் 2,046 ரூபாய். 500 யூனிட்டோடு நின்றிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். 1,725 ரூபாய்தான்! பன்னிரண்டே யூனிட்டுக்கு 321 ரூபாய்; அஃதாவது யூனிட் ஒன்றுக்கு ஏறக்குறைய இருபத்தேழு ரூபாய்.

இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று ஐயுறுவீர்கள். 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, முதல் 100 யூனிட்டுக்கு எவர்க்கும் கட்டணமில்லாதிருந்தது. 500க்கு மேற்படாத இல்லத்தார்க்கு அடுத்த 100க்கு யூனிட் ஒன்றுக்கு ரூ. 2.25, பின்னர் 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6. ஆனால் 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் இரண்டாம் நூற்றுக்குரிய அந்த ரூ. 2.25 என்னும் சலுகை நீங்கி, அதற்கும் ரூ. 4.50 ஆயிற்று. 500க்கு மேல் 600 வரையுள்ள யூனிட்டுகட்கோ ரூ. 8. வரம்பைத் தாண்டியவன் தாண்டிய தொலைவிற்கு மட்டுமன்றி, முன்னர் நடந்துவந்த வழிக்கும் சேர்த்துச் சுங்கம் செலுத்துகின்றான். 2024 ஜூலையில் இவ்விகிதங்கள் சிறிது ஏறின. 500 என்னும் வரம்போ அப்படியே நின்றது. ஆதலின், மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாத இல்லத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவனே ஆவான்.

யாம் இக்கணக்கைக் கூடத்தில் அமர்ந்து சற்று உரத்த குரலிலேயே சொல்லி வருந்தினோம். அது பிழையாயிற்று. நான்கைந்து நாள் கழிந்து, நள்ளிரவில் தண்ணீர் பருக எழுந்தபோது, எம் அன்னையார் நடையிலே வெறுந்தரையில் படுத்துப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருக்கக் கண்டோம். அறையில் மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டோம். “ஒருத்திக்கு எதற்கப்பா இவ்வளவு காற்று?” என்றார். அகவை எழுபத்தைந்தைக் கடந்தவர், வைகாசிப் புழுக்கம். எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, இதனைச் சொல்லவே யாம் இவ்வவைக்கு வந்தோம். வீட்டில் சிக்கனம் என்னும் சொல் எழுந்தவுடன் முதலில் தம் வசதியைக் குறைத்துக்கொள்பவர் முதியோரும் மகளிருமே. உண்மையில் வீண் செய்வோர் வேறு எவரோ! மறுநாள் காலையில் எம் மகனும் யாமும் தாளும் எழுதுகோலும் கொண்டு வீடு முழுதும் சுற்றிவந்தோம். ஆயிரம் வாட் கருவி ஒருமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இவ்வளவே கணக்கு, பள்ளிச் சிறுவரும் போடலாம்.

கண்டது யாது? அன்னையாரின் மின்விசிறி 75 வாட். இரவில் எட்டு மணிநேரம் ஓடினால் இரண்டு மாதங்கட்கு 36 யூனிட். மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரோ ஏறக்குறைய ஆயிரம் வாட் இழுப்பது. தொட்டி நிரம்பி வழிந்து, ‘தண்ணீர் வழிகிறது’ என்று அடுத்த வீட்டார் குரல் கொடுத்தபின்னரே யாம் அதனை நிறுத்துவது வழக்கம். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் இங்ஙனம் வழிந்தால் இரண்டு மாதங்கட்கு 15 யூனிட். எம்மை வரம்பு தாண்டுவித்த பன்னிரண்டு யூனிட்டும் அந்தத் தொட்டியின் விளிம்பில் வழிந்து சாக்கடையிற் சென்றவையே! தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி, படம் பாராத போதும் பத்து வாட் அளவில் விழித்தே கிடந்தது. இரவும் பகலும் கிடந்தால் 14 யூனிட். ரிமோட்டினால் அணைப்பது அணைப்பதாகாது. சுவர்ப் பொத்தானையே அணைத்தல் வேண்டும்.

பிறவற்றைச் சுருங்கக் கூறுவோம். அறுபது வாட் குண்டு விளக்கு எங்கேனும் எஞ்சியிருப்பின், அதனிடத்து ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு இடுக. மின்விசிறிக்குப் பழைய பெட்டி வடிவ ரெகுலேட்டர் இருப்பின் மாற்றுக. அது வேகத்தைக் குறைக்குமேயன்றிச் செலவை அவ்வளவாகக் குறைக்காது, மீதியை வெப்பமாக்கி வீணாக்கும். சூடான குழம்பைக் குளிர்பெட்டியில் வையற்க. வாரத் துணிகளை ஒருமுறையாகச் சேர்த்துத் தேய்த்திடுக. குளிரூட்டி வைத்திருப்போர் 24 பாகையில் நிறுத்தி, உடன் மின்விசிறியையும் மெல்லச் சுழலவிடுக.

பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மின்விசிறி ஏறக்குறைய 30 வாட்டிலேயே ஓடுகின்றது. இருக்கும் நல்ல விசிறிகளையெல்லாம் கழற்றி எறிந்து அதனை வாங்குக என்று யாம் சொல்லோம். போட்ட முதல் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். எந்த அறையில் மிகுதியாக ஓடுகின்றதோ அங்கு மட்டும் முதலில் மாற்றுக. எம் இல்லத்தில் அன்னையார் அறையில் மாற்றினோம். இப்பொழுது அவர் அதனை நிறுத்துவதில்லை. நிறுத்தலாகாது என்பது எம் வீட்டுச் சட்டம்.

நம் முன்னோர் இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். முற்றமும் திண்ணையும் அமைந்த வீடுகளில் நண்பகலில் விளக்கேற்றுவாரில்லை. நாம் முற்றத்தைக் கூரையிட்டு மூடினோம். மூடியபின் பட்டப்பகலில் குழல்விளக்கு எரிக்கின்றோம். முழுதும் திறக்க இயலாதெனின் ஒரு கண்ணாடி ஓடேனும் பதிக்கலாமன்றோ?

2012 ஆம் ஆண்டில் இப்பகுதியில் நாள்தோறும் பத்து மணிநேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எம் மாணாக்கர் மெழுகுவத்தி ஒளியில் பொதுத்தேர்வுக்குப் படித்தனர். அந்நாளில் ஒரு மணிநேர மின்சாரத்தின் அருமை எல்லோர்க்கும் தெரிந்திருந்தது.

அடுத்த கணக்கெடுப்பில் எம் இல்லத்து அளவு 448. கட்டணம் 1,413 ரூபாய். ஆடி பிறந்து வெம்மை தணிந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கமாட்டோம்.

வரும் மாதக் கூட்டத்திற்குத் தாங்கள் தத்தம் மின் அட்டையைக் கையோடு கொணருமாறு வேண்டுகின்றோம். கணக்கில் வல்ல நம் இளைஞர் சிலர் அவற்றைப் பார்த்து, எங்கே கசிகின்றது என்று எடுத்துக் காட்டுவர். முதியோர் தனித்து வாழும் இல்லங்கட்கு அவர்களே நேரில் செல்வர். அங்ஙனம் செல்வோர், அவ்வீட்டு மின்விசிறி ஓடுகின்றதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.