ரெண்டு பக்கமும் அறுக்கிற கருக்கு
(கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாமாவைப் பத்திப் பேசச் சொன்னாங்க. 1992இல் வந்த 'கருக்கு', லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய் 2000இல் கிராஸ்வேர்ட் விருது வாங்கியது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதுக்கு முந்தினதையும் பிந்தினதையும் பேசலாம்னு நெனைக்கிறேன்.

விருதுநகர் மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கிராமம். பறையர் கிறித்தவக் குடும்பம். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அண்ணன் ராஜ் கௌதமன், தலித் விமர்சனத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பாமா ஆசிரியையானார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம்னு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். உள்ளே போனா அங்கேயும் சாதி. பணக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பு, நம்ம பிள்ளைகளுக்குக் கூட்டிக் கழுவுற வேலை. ஏழு வருஷம் பார்த்தார், 1992இல் வெளியேறினார். கையில் வேலையில்லை, காசில்லை. அந்த நிலையில் எழுதியதுதான் 'கருக்கு'.

உடனே ஒரு பேச்சு வந்தது: இது கொச்சை, இதில் இலக்கியம் எங்கே? அக்ரகாரத்துப் பேச்சு கதையில் வந்தா நயம், சேரிப் பேச்சு வந்தா கொச்சையா? இந்தக் கேள்வியை நாம நல்லாவே கேட்டோம். அதில் நமக்குச் சிரமமில்லை, எதிரே நின்னவங்க மத்தவங்க.

ஆனா பனங்கருக்குக்கு ரெண்டு பக்கமும் பல் உண்டு தோழர்களே. புத்தகம் வந்ததும் சொந்த ஊர்க்காரங்களே கோபப்பட்டாங்க. மாசக்கணக்கா ஊருக்குள்ள போக முடியலன்னு அவரே சொல்லியிருக்கார். 1994இல் 'சங்கதி' வந்தது. காட்டு வேலையில் பொம்பளைக்குக் குறைஞ்ச கூலி, வீட்டுக்கு வந்தா புருஷன்கிட்ட அடி. 2002இல் 'வன்மம்': பள்ளரும் பறையரும் வெட்டிக்கிட்டுச் சாகிற கதை. இதையெல்லாம் ஏன் வெளியே சொல்லணும், எதிரிக்கு வசதியாப் போகுமேன்னு நம்ம ஆட்களே முணுமுணுக்கிறாங்க.

எதிரிக்கு வசதி நம்ம சண்டைதான். அதை எழுதுற கையில்லை. அடி வாங்குற பொம்பளை "விடுதலைக்கப்புறம் பேசிக்கலாம்"னு காத்திருக்கணுமா? மடத்தோட சாதியைச் சொன்ன அதே நேர்மைதானே நம்ம வீட்டுத் திண்ணையையும் சொல்லுது? ஒண்ணுக்குக் கை தட்டி, இன்னொண்ணுக்கு வாயைப் பொத்தச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

அடுத்த கூட்டத்துக்குள் 'சங்கதி'யை வீட்டுப் பெண்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. அவங்க சொல்றதை நீங்க வந்து சொல்ல வேண்டாம், அவங்களையே கூட்டிட்டு வாங்க.