எஸ்டேட் - யாருடைய நிலை?

ஜொகூரில் செடெனாக் பக்கம் ஒரு பெரியவரிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு 'எஸ்டேட்' என்றும் சேர்த்தே சொல்வார். மலேசியத் தமிழில் தோட்டம் என்றால் பூச்செடி வைக்கும் இடமல்ல, ரப்பரும் செம்பனையும்தான்.

எஸ்டேட்டின் வேர், லத்தீன் மொழியின் 'ஸ்டேட்டஸ்'. நிற்கும் நிலை என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மனிதனின் நிலைமை, தகுதி. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று எஸ்டேட்கள் இருந்தன. பத்திரிகையை நான்காவது என்றார்கள். (நாம் அதைத் தூணாக்கிவிட்டோம்!) தகுதியை நிலத்தை வைத்து அளந்து அளந்து, கடைசியில் நிலமே எஸ்டேட் ஆயிற்று. மலாயாவுக்கு அந்தப் பொருளில்தான் வந்தது.

சரி, அங்கே பால்மரம் சீவியவருக்கு அந்த 'நிலை' இருந்ததா? லயத்து வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறினால் கோயிலும் தமிழ்ப்பள்ளியும்கூட இடம் தேட வேண்டியதுதான்.

இன்று செடெனாக்கில் செம்பனை நின்ற நிலத்தில் 'டெக் பார்க்'. தரவு மையங்கள் எழுகின்றன. 'பார்க்' என்ற சொல்லும் முதலில் பூங்காவைக் குறிக்கவில்லை. வேட்டை விலங்குகளுக்கென்று வேலி போட்டு அடைத்த நிலத்தைத்தான் குறித்தது.